ஓடாத வண்டியின் வயது

பழைய கார் விற்பனை விளம்பரங்களில் தவறாமல் வரும் ஒரு வரி உண்டு: 'முதல் உரிமையாளர், குறைந்த கிலோமீட்டர், பெரும்பாலும் வீட்டிலேயே நின்ற வண்டி.' இவற்றுள் கடைசித் தகுதி எப்படிப் பெருமைக்குரியதானது என்பது எனக்கு நெடுநாளாகப் பிடிபடவில்லை. வீட்டிலேயே நின்ற வண்டி தேயாத வண்டி, தேயாத வண்டி புதிய வண்டி என்று நாம் எல்லோருமே ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். மீட்டரில் ஓடும் எண்ணே வண்டியின் வயது என்பது அந்தக் கணக்கின் அடிப்படை. தாம்பரத்தில் இருக்கும் என் மாமாவுடைய காரைச் சென்ற ஆண்டு கொல்லிமலைப் பயணத்துக்கு ஆயத்தப்படுத்தியபோதுதான், இந்தக் கணக்கு எத்தனை இடங்களில் பொய்க்கிறது என்பதை அருகிலிருந்து பார்க்க நேர்ந்தது.

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, 2016இல் மாமா வாங்கிய சிறிய பெட்ரோல் கார் அது. மீட்டரில் இன்னும் இருபதாயிரம் தாண்டவில்லை. காய்கறி வாங்க, கோயிலுக்குப் போக, மருத்துவரைப் பார்க்க என்று எல்லாமே மூன்று, நான்கு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும் ஓட்டங்கள். மற்ற நாளெல்லாம் வண்டி வாசலில் கவர் போர்த்தியபடி நிற்கும். வாரம் ஒரு முறை கவரைக் கழற்றித் துடைப்பார். பெயின்டில் ஒரு கீறல் கிடையாது. இருக்கைகளின் தலைப்பகுதியில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் எடுத்தார் என்று அத்தை இன்றும் கேலி செய்வதுண்டு. "நேத்து ஷோரூம்ல எடுத்த மாதிரி இல்ல, மாப்ள?" என்று அவர் கேட்கும்போது மறுத்துச் சொல்ல ஒன்றும் இருக்காது, வெளியிலிருந்து பார்த்தால் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. கொல்லிமலை மேலிருக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு அந்த வண்டியிலேயே போவதென்று முடிவானபோது, பெட்ரோல் போட்டுக் காற்றடித்தால் போதும் என்பதே அவருடைய திட்டமாக இருந்தது.

பஞ்சர் கடையில்

ஜிஎஸ்டி சாலையோரத்துப் பஞ்சர் கடை ஒன்றில் காற்றடிக்க நிறுத்தினோம். கடைக்காரர் முன் டயரின் வால்வில் அளவுமானியை வைத்துவிட்டு, ஏதோ உறுத்தியவர்போல டயரின் பக்கச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்தி நீவினார். சாதாரணப் பார்வைக்குக் கறுப்பாக, சீராக இருந்த ரப்பரில், அவர் அழுத்திய இடத்தில் மட்டும் மயிரிழை போன்ற வெடிப்புகள் வரிசையாக வாய் திறந்தன. விரலை எடுத்ததும் மூடிக்கொண்டன. ரிம்மை ஒட்டிய வளையத்தில் அவை இன்னும் ஆழமாக இருந்தன. "பட்டன்லாம் நல்லா இருக்குதுங்க ஐயா, ரப்பர்தான் செத்துப்போச்சு" என்றார். பட்டன் என்று அவர் சொன்னது தரையைப் பற்றும் கட்டங்களை. அவை உண்மையிலேயே ஏறக்குறையப் புதிதாகத்தான் இருந்தன. பள்ளங்களுக்கு நடுவே தேய்மானத்தைக் காட்டுவதற்கென்றே 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சிறு மேடுகளை வைத்திருப்பார்கள். தேய்ந்து தேய்ந்து கட்டங்கள் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரை மாற்ற வேண்டும். மாமாவின் டயர் அந்த மட்டத்தைத் தொட இன்னும் பல்லாண்டுகள் ஆகும்.

மாமா இதை நம்பவில்லை. டயர் விற்கும் தந்திரம் என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. அந்தக் கடையில் டயர் விற்பதே இல்லை என்பதையும் அவர் பொருட்படுத்தவில்லை. கடைக்காரர் வாதிடாமல், ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுதும் ஒடிக்கச் சொல்லிவிட்டுக் கைப்பேசி விளக்கோடு சக்கரத்துக்குப் பின்னால் குனிந்தார். டயரின் ஒரு பக்கத்தில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். அந்தப் பக்கம் உட்புறமாகப் பொருத்தப்பட்டிருந்தால் நின்றபடி பார்க்கிறவர் கண்ணுக்கு அது ஒருபோதும் படாது. மாமாவும் குனிந்து பார்த்தார். 4015 என்றிருந்தது. முதல் இரண்டு இலக்கங்கள் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. அதாவது 2015ஆம் ஆண்டின் நாற்பதாவது வாரம். காந்தி ஜெயந்தியை ஒட்டி ஏதோ ஒரு தொழிற்சாலையில் பிறந்த டயர் அது. மாமா நிமிர்ந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் கோப்புகளின் தேதியைப் பார்த்துப் பழகியவருக்கு, யார் சொன்ன எந்த விளக்கத்தையும்விட அந்த நான்கு இலக்கங்களே சட்டென்று விளங்கின.

டயர் நிறுவனங்கள் பலவும் ஏறக்குறைய ஒரே அறிவுரையைத்தான் தருகின்றன: ஐந்தாண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும், பத்தாண்டு ஆனால், பார்க்க எப்படி இருந்தாலும், ஸ்டெப்னி உட்பட மாற்றிவிட வேண்டும். கார் நிறுவனங்கள் சில ஆறாண்டிலேயே மாற்றச் சொல்கின்றன. இதில் நம் வீட்டுக் கணக்கைத் தலைகீழாக்கும் செய்தி ஒன்று உண்டு. ரப்பரை ஓசோனும் வெயிலும் வெடிக்கவைக்காமல் காக்க, அதனுள் ஒருவகை மெழுகையும் வேதிப்பொருள்களையும் கலந்திருக்கிறார்கள். டயர் உருளும்போது அழுந்தி விரிவதால் இவை மெல்ல மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்து ஒரு காப்புப் படலமாகப் படிகின்றன. நின்றே கிடக்கும் டயருக்கு அந்தப் படலம் சரியாகப் புதுப்பிக்கப்படுவதில்லை. போதாக்குறைக்கு, ஒரே இடத்தில் எடையைத் தாங்கி நிற்பதால் தரையில் படும் பகுதி சற்றே தட்டையாகி, வேகம் எடுக்கும்போது ஸ்டியரிங்கில் அதிர்வு தெரியும். ஓட்டாமல் வைத்துக் காத்த டயர், ஓட்டிய டயரைவிட முன்னதாகவே வெடிப்பு விடலாம் என்பதை மாமாவுக்கு ஏற்றவைக்க அன்று மாலை முழுதும் பிடித்தது.

காற்றின் அளவு பற்றியும் ஒரு வார்த்தை. டயரின் மேல் எழுதியிருக்கும் அழுத்த எண், அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. வண்டிக்கு வேண்டிய அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும், ஆளும் சுமையும் நிறைந்த பயணத்துக்குத் தனி அளவு உட்பட. அதை டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். வெயில் காலத்தில் வெடித்துவிடும் என்று அஞ்சிக் காற்றைக் குறைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிறவர்கள் நம்மில் ஏராளம். உண்மையில் காற்று குறைந்த டயர்தான் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக வளைந்து, அந்த வளைவினாலேயே சூடேறி, உள்ளிருக்கும் அடுக்குகள் பிரிந்து வெடிக்கிறது. ஒன்றுமே செய்யாமல் நின்றாலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ இறங்கும். நைட்ரஜனுக்குக் காசு வாங்குகிறார்களே என்று கேட்பவர்களுக்கு என் பதில், நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான் என்பதே.

எழுபது வளைவுகளுக்கு முன்

டயருக்குப் பிறகு நான் கவலைப்பட்டது பிரேக்கைப் பற்றி. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏறுவது எஞ்சினின் கவலை. இறங்குவதுதான் பிரேக்கின் கவலை. நம் ஊரில் பிரேக் ஆயில் என்று சொல்லப்படும் திரவம் உண்மையில் எண்ணெய் அல்ல. கிளைக்கால் வகையைச் சேர்ந்த அது, மழைக்காலத்து உப்பு ஜாடிபோலக் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று அது பார்ப்பதில்லை. இந்தத் திரவத்தை டாட் 3, டாட் 4 என்று தரம் பிரித்திருக்கிறார்கள். புதிய டாட் 4 திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி, 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்துவிட்ட நிலைக்கு அதே விதி வைத்திருக்கும் வரம்பு 155 டிகிரிதான். டாட் 3 என்றால் முறையே 205, 140. மலையிறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வரும்போது சக்கரத்தருகே இந்தச் சூடு எட்டிவிடக்கூடியதே. திரவத்துக்குள் நீராவிக் குமிழ் உண்டானால், மிதிக்கிற அழுத்தம் எல்லாம் அந்தக் குமிழை நசுக்குவதிலேயே போய், பெடல் தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. இறக்கத்தில் இரண்டாம் கியரில் வர வேண்டும் என்று பழைய ஓட்டுநர்கள் படித்துப் படித்துச் சொல்வது இதனால்தான்.

பெரும்பாலான நிறுவனங்கள் இந்தத் திரவத்தை இரண்டாண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கின்றன. மாமாவின் கோப்பில் வண்டி வாங்கிய நாள்முதல் எல்லா சர்வீஸ் ரசீதுகளும் தேதிவாரியாக இருந்தன. ஏசிக் கிருமி நீக்கம் இருந்தது. உட்புற நுரைச் சலவை இருந்தது. பெயின்ட் பாதுகாப்புப் பூச்சு என்று ஒரு பெருந்தொகை இரண்டு முறை இருந்தது. பிரேக் திரவம் மாற்றியதாக ஒரு ரசீதிலும் இல்லை. பெயர் சொல்ல வேண்டாம். எந்த சர்வீஸ் சென்டருக்குப் போனாலும் இந்தக் கதை பெரிதாக மாறுவதில்லை என்பது நண்பர்களிடம் கேட்டதில் தெரிந்தது. கிலோமீட்டர் குறைவு, எனவே அவசியமில்லை என்று சர்வீஸ் அட்வைசரே ஒரு முறை சொன்னதாக மாமா நினைவுகூர்ந்தார். கண்ணுக்கும் மூக்கிற்கும் தெரிகிற வேலைகளை விற்பது எளிது. ஒரு சிறு குப்பிக்குள் வெளிர்மஞ்சளாக இருந்த திரவம் காபித் தூள் நிறத்துக்கு மாறியிருப்பதை யாரும் மூடியைத் திறந்து காட்டுவதில்லை. திரவத்தை மாற்ற ஆகும் செலவு, அந்தப் பெயின்ட் பூச்சுக்குக் கொடுத்ததில் ஒரு சிறு பங்குதான்.

அட்டவணை என்னவோ கையேட்டில் தெளிவாகத்தான் இருந்தது. டேஷ்போர்டு பெட்டிக்குள் உறை பிரிக்காமல் கிடந்த அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு எண்கள் உண்டு: இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முன்னதாக வருகிறதோ அது. நாம் முதல் எண்ணை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுகிறோம். மாமா போன்றவர்களுக்கு இரண்டாம் எண்தான் எப்போதும் முன்னதாக வரும்.

அவசரத்துக்கு நிற்கும் வண்டி

இவ்வளவு குறைவாக ஓட்டுகிறவர் ஏன் வண்டி வைத்திருக்க வேண்டும், வாடகைக் காரே மலிவாயிற்றே என்று நான் ஒரு முறை கேட்டதுண்டு. காப்பீடு, சர்வீஸ், பேட்டரி, இப்போது டயர் எல்லாம் கூட்டிக் கிலோமீட்டருக்கு வகுத்துப் பார்த்தால் அந்த வாதத்தை வெல்வது கடினம். இன்றும் என் கருத்து அதுவே. ஆனால் மாமாவின் பதிலும் மறுக்க முடியாதது: "ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க அத்தைக்கு ஒண்ணுன்னா, நான் செயலியில புக் பண்ணிட்டு உக்காந்திருக்கணுமா?" அவசரத்துக்கு ஒரு வண்டி வாசலில் நிற்கட்டும் என்ற எண்ணம் நம் முதியோர் பலருக்கும் உண்டு. அப்படியானால் ஊரில் வேறு எந்த வண்டியைக் காட்டிலும் அந்த வண்டிதான் முதல் திருப்பிலேயே செல்ஃப் எடுக்க வேண்டும். நடப்பதோ நேர்மாறு.

2020 மார்ச் 25இல் தொடங்கிய ஊரடங்கு தளர்ந்தபோது, வாரக்கணக்கில் நின்ற வண்டிகளுக்கு என்ன ஆகும் என்பதைத் தெருவே பார்த்தது. ஜம்பர் வயர் இரவல் கேட்டு வீடு வீடாக ஆள் போனது நினைவிருக்கும். சாவியை எடுத்துவிட்டாலும் கடிகாரம், அலாரம், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி எல்லாம் சொட்டுச் சொட்டாகப் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். அது 50 மில்லியாம்பியர் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 1.2 ஆம்பியர் மணி. சிறிய கார்களில் வரும் 35 ஆம்பியர் மணி பேட்டரி ஒரு மாதத்தில் காலி. இறங்கிய நிலையிலேயே கிடந்தால் உள்ளே ஈயத் தகடுகளில் சல்பேட் படிகம் இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய வலு வராது. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறு மின்னழுத்தமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. எஞ்சின் ஓடாமல் ஓய்ந்திருக்கையில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது என்று பொருள், 12.4க்குக் கீழே வந்தால் கவனிக்க வேண்டும். 12இல் நிற்கிற வண்டியை நம்பி இரவில் படுக்கக் கூடாது.

இதற்கு மாற்றாக மாமா நெடுநாளாகச் செய்துவந்தது, காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அணைப்பது. தெருவுக்கு நால்வர் இப்படிச் செய்கிறார்கள். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் கெடுதல் என்றுதான் இதைச் சொல்வேன். இறங்கிக் கிடந்த பேட்டரி ஐந்து நிமிட ஐட்லிங்கில் நிறையாது. அதைவிட முக்கியமானது எஞ்சின் ஆயிலுக்கு நேர்வது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது; பெரும்பகுதி ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விடும். காலையில் வண்டியின் வால்பக்கம் சொட்டுகிற நீர் அதுதான். ஒரு சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலில் இறங்கும். ஆயில் நன்றாகச் சூடேறினால் அந்த ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகி வெளியேறிவிடும். ஆனால் வெப்பநிலை முள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் முழுச் சூட்டுக்கு வர மேலும் நேரம் பிடிக்கும்; கால் மணி நேரமாவது சாலையில் ஓட வேண்டும். சந்தைக்குப் போய்த் திரும்பும் மூன்று கிலோமீட்டரில் அது நடக்காது. ஈரம் ஆயிலிலேயே தங்கி, அமிலமாகி, உள்ளுறுப்புகளை அரிக்கத் தொடங்கும். மாமாவின் எஞ்சினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தபோது அதன் அடிப்பக்கத்தில் மோர் நுரைபோல் வெளுப்பாக ஒரு பசை ஒட்டியிருந்தது. அதே வெளுப்பு ஆயில் குச்சியிலும் இருந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டும் குறைந்துவந்தால், அந்தத் திரவம் ஆயிலோடு கலக்காமல் அடைத்து நிற்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டதோ என்று அஞ்ச வேண்டும். இங்கே குச்சியில் ஆயில் தெளிவாகவும், கூலண்ட் குறையாமலும் இருந்ததால் அது குறுந்தூர ஓட்டத்தின் ஈரம்தான். குறுந்தூர ஓட்டத்தைப் பல கையேடுகள் 'கடுமையான பயன்பாடு' என்ற பட்டியலில்தான் சேர்க்கின்றன. தூசிச் சாலையும் மலைப்பாதையும் இருக்கும் அதே பட்டியலில்.

மற்றவை சுருக்கமாக. கூலண்ட் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றும் வழக்கத்தை விட வேண்டும். அதன் உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்துவிடும். மழையில் நனைந்த வண்டியை ஹேண்ட் பிரேக் இழுத்துப் பல நாள் நிறுத்தினால் பின்சக்கர பிரேக் ஒட்டிக்கொள்ளும். சமதரையில் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தால் போதும். ஓடாத வண்டியின் பானெட்டுக்குள் எலி குடியேறுவது சென்னையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. புகையிலை கட்டுவது பலிக்கிறதா என்று என்னிடம் கேட்காதீர்கள், வண்டி அடிக்கடி நகர்வது நிச்சயம் பலிக்கிறது. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் இருபது விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலும் ஈரத்தை இழுக்கும் பொருள் என்பதால், பழைய பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்கில் வைத்திருப்பது இனி முன்னைவிடவும் நல்லதல்ல.

ஆயுதபூஜையன்று வண்டியை அலம்பி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தைக் குனிந்து வைக்கிறோம். ஆண்டுக்கு ஒரு முறையாவது நாம் டயருக்கு இவ்வளவு அருகில் முகத்தைக் கொண்டுபோகும் நாள் அது ஒன்றுதான் என்பதால், பழத்தை வைத்த கையோடு பக்கச் சுவரை நீவிப் பார்த்து, தூணில் ஒட்டிய தாளையும் படித்து, பிரேக் திரவம் மாற்றிய தேதியையும் கோப்பில் பார்த்துவிடலாம் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். மாமா இதை ஏற்றுக்கொண்டார்.

கொல்லிமலைக்குப் புதிய டயர்களோடும் புதிய பிரேக் திரவத்தோடும்தான் போனோம். டயர்களின் விலையைக் கேட்டு அவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதும் உண்மை. இப்போது ஞாயிறு விடியலில், அத்தையையும் ஏற்றிக்கொண்டு, வண்டலூரில் திரும்பிக் கேளம்பாக்கம் வரை போய் வருகிறார். ஏசியும் ஓடுகிறது, ஆயிலும் சூடேறுகிறது, இருவருக்கும் ஒரு காபியும் ஆகிறது. ஆனால் டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னியை மட்டும் மாற்ற அவர் ஒப்பவில்லை. தரையையே தொடாத அந்த டயரும் 2015இல் பிறந்ததுதான் என்று ஒவ்வொரு முறை போகும்போதும் சொல்லிப் பார்க்கிறேன். "அது அவசரத்துக்குத்தானே, மாப்ள" என்கிறார்.